ஏஜெண்டுக்கு உறுமலை விளக்குதல்

ஏஜெண்ட் என்ற சொல் மலேசியத் தமிழர்களுக்குப் புதிதல்ல. காப்புறுதி ஏஜெண்ட், வீட்டு ஏஜெண்ட், வேலைக்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்ட் என்று எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டோம். அதற்கும் முன்னால் கங்காணி இருந்தார். நம் சார்பில் போய்க் காரியத்தை முடிப்பவர், அதற்கொரு கமிஷன் எடுத்துக்கொள்பவர் என்பதே இவர்கள் எல்லோருக்கும் பொதுவான இலக்கணம். இப்போது இசை மென்பொருளுக்குள்ளும் ஒரு ஏஜெண்ட் நுழைந்திருக்கிறது. ‘ஒரு சிந்தசைசர் பேஸ் வேண்டும்’ என்று தட்டச்சு செய்தால் போதும். அதுவே புதிய தடத்தைத் திறந்து, வாத்தியத்தை ஏற்றி, சுரங்களை எழுதிவிடுகிறது. மாதச் சந்தா தவிர வேறு காசு கேட்பதில்லை. ஆனாலும் ஒரு கமிஷன் எடுத்துக்கொள்கிறது என்றே எனக்குப் படுகிறது.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். சூனோ, யூடியோ போன்றவை ஒரு வரி கொடுத்தால் முழுப் பாடலையும் ஒலியாகவே தந்துவிடும். சமைத்துத் தட்டில் வைத்த சாப்பாடு அது. உப்பு கூடிப்போனால் தனியாகப் பிரித்தெடுப்பது கடினம். அனுமதியில்லாமல் பழைய பதிவுகளைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டதாக 2024 ஜூனில் அமெரிக்காவின் பெரிய இசை நிறுவனங்கள் இவ்விரண்டின் மீதும் வழக்குத் தொடுத்தன. அந்தச் சண்டை தனி. நான் பேச வந்தது வேறொரு வகையைப் பற்றி.

ஏபிள்டன் லைவ் போன்ற இசை மென்பொருளை வீட்டு அறையில் வைத்துப் பாட்டு செய்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். 2001 முதல் இருக்கும் மென்பொருள் அது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. உரையாடும் செயற்கை நுண்ணறிவு ஒன்று வெளியிலிருக்கும் மென்பொருளின் பொத்தான்களை அழுத்துவதற்கான பொதுவான வழி என்று அதைப் புரிந்துகொள்ளலாம். அதைப் பிடித்துக்கொண்டு 2025இல் ஏபிள்டன்எம்சிபி என்ற இலவசத் திறமூலக் கருவி வந்தது. அது ஏபிள்டன் நிறுவனத்தின் தயாரிப்பல்ல, வெளியிலிருந்து எழுதப்பட்டது. தடம் உருவாக்கு, பெயர் வை, சுரங்களை எழுது, வாத்தியத்தை ஏற்று, வேகத்தை மாற்று, ஒலிக்கவிடு என்று சில கட்டளைகள் அதில் உண்டு. மற்ற மென்பொருள்களுக்கும் இதுபோன்ற கருவிகள் வந்துகொண்டிருக்கின்றன.

இங்கே சமைத்த தட்டு வருவதில்லை. அடுப்படிக்குள்ளேயே ஓர் ஆள் வந்து நிற்கிறார். அவர் எழுதிய ஒவ்வொரு சுரமும் திரையில் தெரியும், பிடிக்காததை அழிக்கலாம், நகர்த்தலாம். பாட்டு நம் கையில்தான் இருக்கிறது. அதனால்தான் முழுப் பாடலைத் துப்பும் இயந்திரங்கள் மீது எனக்கிருக்கும் கசப்பு இதன்மீது இல்லை. அதனாலேயே இதைக் கூர்ந்து பார்க்கவும் வேண்டியிருக்கிறது.

மூன்று தடங்கள்

நான் சோதித்துப் பார்த்தது வேறொரு கருவியை. பெயர் இங்கே முக்கியமில்லை. கிள்ளான் பக்கம் ஒரு கோயில் ஊர்வலத்தில் கைத்தொலைபேசியில் பதிவு செய்த உருமி அடி என்னிடம் இருந்தது, நாற்பது விநாடி. உருமியின் ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள், மறு முகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில் எழும் சத்தம்தான் உறுமல். தைப்பூசத்துக்குப் போய் வந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அடிவயிற்றில் தொடங்கித் தொண்டைக்கு ஏறும் சத்தம் அது.

பதிவை மென்பொருளில் போட்டுவிட்டு ஏஜெண்டிடம் கேட்டேன்: “உருமி உறுமுற இடத்துல அதுக்குப் பதில் சொல்ற மாதிரி ஒரு சிந்தசைசர் பேஸ் போடு.”

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒன்று கேட்டதற்கு மூன்று தடங்கள் வந்து நின்றன. ஒரு பேஸ், அதற்குமேல் அகலமாகப் பரவும் ஒரு பேட், மினுமினுக்கும் ஓர் ஆர்பெஜியோ. நான்கு நான்காக வெட்டிய தாளம், ஏ மைனர். பேஸின் சுரங்கள் சரியாக ஒன்று, இரண்டு, மூன்று, நான்கில் இறங்கின. உருமி அடிப்பவர்களோ ஊர்வலத்தின் நடைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே போயிருந்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் கடந்துபோகும் இரண்டு பேருந்துகளைப் போல ஓடின.

காரணம் எளிது. ஏஜெண்ட் அந்தப் பதிவைக் கேட்கவே இல்லை. நான் பயன்படுத்திய கருவியில் அது கேட்க வழியுமில்லை. மென்பொருளிலிருந்து அதற்குத் திரும்பி வருவது எழுத்து மட்டும்தான்: எத்தனை தடங்கள், என்ன பெயர், கோப்பு எவ்வளவு நீளம். ‘உருமி’ என்ற தடத்தின் பெயரை அது வாசித்தது. அந்தச் சொல்லைப் பற்றி எங்கெங்கோ எழுதப்பட்டதெல்லாம் அதற்குத் தெரியும். அந்த நாற்பது விநாடி மட்டும் தெரியாது.

இதில் என்னை நிறுத்தியது இசையைவிட, வேலை முடிந்ததும் அது எழுதிய குறிப்பு. ஆழமான, அதிர்வூட்டும் பேஸ் என்றது. உருமியின் ஆதி உணர்வைத் தாங்கிப்பிடிக்கும் வெதுவெதுப்பான பேட் என்றது. தான் கேட்காத ஒலிக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயரடைகள். இதை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. நம் நூல் வெளியீடுகளுக்குத் தொடர்ந்து போகிறவர்களுக்கு ஐயமே வராது. புத்தகத்தைத் திறக்காமல் எழுதப்படும் அணிந்துரையின் மொழி இதுதான். மண்வாசனை, யதார்த்தம், நெஞ்சை உருக்கும் நடை. எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்து எந்தப் புத்தகத்துக்கு ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும். அணிந்துரைக்காரராவது மேடையில் ஒரு பொன்னாடையோடு போய்விடுவார். ஏஜெண்டின் பெயரடைகள் தடங்களாக மாறிப் பாட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிடுகின்றன.

அழுத்திட்டு விடணும்

பேட்டையும் ஆர்பெஜியோவையும் அழித்தேன். பேஸ் மட்டும் போதும், அது உறுமலைப் போல வழுக்கிப் போக வேண்டும் என்று கேட்டேன். இந்த இடத்தில் கொஞ்சம் தொழில்நுட்பம் பேச வேண்டும்.

சிந்தசைசருக்குச் சுரங்களைச் சொல்லும் மொழி மிடி. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக 1983இல் வந்தது. அதில் ஒவ்வொரு சுரமும் 0 முதல் 127 வரை ஓர் எண். பியானோவின் நடு சி 60. எவ்வளவு வேகமாக அழுத்தினார்கள் என்பதற்கும் 127 வரை ஓர் எண். இரண்டு சுரங்களுக்கு இடையில் வழுக்கிச் செல்ல பிட்ச் பெண்ட் என்று தனியாக ஒரு செய்தி உண்டு, அதில் 16,384 படிகள். நான் பயன்படுத்திய கருவியில் ஏஜெண்டின் கைக்கு எட்டியது எண்கள் மட்டும்தான்: எந்தச் சுரம், எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எவ்வளவு அழுத்தம். வளைவை வரையும் கட்டளை அதனிடம் கொடுக்கப்படவில்லை.

அதனால் அது என்ன செய்தது? 33, 34, 35, 36, 37, 38 என்று துண்டுதுண்டான ஆறு சுரங்களை அடுக்கியது. சரிவு கேட்டவனுக்குப் படிக்கட்டு கட்டித் தந்தது. “கொஞ்சம் இழுத்து வாசி” என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். சுரங்கள் எல்லாவற்றையும் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் நகர்த்தி வைத்தது. இழுப்பது என்றால் தாமதிப்பது என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. தவறென்றும் சொல்ல முடியாது. நாமே அந்தச் சொல்லை இரண்டு பொருளிலும் பயன்படுத்துகிறோம். பாடுகிறவரிடம் இழுத்துப் பாடு என்றால் ஒன்று, மேளக்காரரிடம் இழுக்காதே என்றால் இன்னொன்று. எதிரில் நிற்கும் மனிதருக்குக் குழப்பம் வராது, ஏனென்றால் சொல்லும்போது நம் கை காற்றில் ஒரு கோடு போடுகிறது.

எங்கள் தாமானில் உருமிக் குழு வைத்திருக்கும் தம்பி ஒருவரிடம் இதைப் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை கேட்டார். “அண்ணே, இது உறுமல. கொட்டாவி விடுது” என்றார்.

எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டேன். வாயால் சத்தம் செய்து காட்டினார். அதை ஏஜெண்டுக்கு எப்படித் தட்டச்சு செய்வது? சொல்லால் சொல்லுங்கள் தம்பி என்றேன். சற்று யோசித்தார்.

“குச்சிய அழுத்தித் தேய்க்கிறப்ப சத்தம் மேல ஏறும்ணே. ஆனா அது முக்கியம் இல்ல. அழுத்திட்டு விடணும். விடுற எடம்தான் உறுமல். அதுக்கப்பறம் கொஞ்ச நேரம் ஒன்னும் வரக்கூடாது. நீங்க அந்த எடத்தையும் அடைச்சி வச்சிருக்கீங்க.”

இந்த ஐந்தாறு வாக்கியங்களில் ஒரு முழு இசைக் கோட்பாடு இருக்கிறது. எண்ணாக மாற்றுவது அதன் பிறகு சிரமமாக இல்லை. ஏஜெண்டிடம் இப்படிச் சொன்னேன்: “ரெண்டே சுரம். 33, அதோட வால்ல கொஞ்சம் ஏறி நிக்கிற மாதிரி 38. ரெண்டாவது சுரம் சின்னதா வெட்டுப்படணும். அடுத்த ஒரு மாத்திரை காலி.” அப்படியே எழுதியது. ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் சுரங்களைச் சிந்தசைசர் வழுக்கி இணைக்கட்டும் என்று கிளைடு குமிழை நானே திருகினேன். அழுத்தம் ஏற ஏற ஒலி திறந்துகொள்ளும்படி ஃபில்டரையும் கட்டினேன். முதல் முறையாகப் பேஸ் உருமிக்குப் பதில் சொன்னது.

கமிஷன் எங்கே போகிறது என்று அப்போது விளங்கியது. அந்தக் காலி மாத்திரைதான் கமிஷன். யாரும் தனியாகக் கேட்காத, கேட்க வேண்டும் என்று தோன்றாத சிறிய முடிவுகள் எல்லாம் ஏஜெண்டின் பங்கு. எந்த இடம் சும்மா இருக்க வேண்டும், எது வெட்டுப்பட வேண்டும், எத்தனை தடம் போதும் என்பதை நாம் சொல்லாதபோது அதுவே நிரப்பிக்கொள்கிறது. நிரப்புவது உலகத்தில் அதிகம் எழுதப்பட்ட இசையின் சராசரியால். ரசனை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தச் சிறிய முடிவுகளின் மொத்தம்தான்.

ஸ்லைடு பொத்தான்

இயந்திரம் வந்தால் இசை செத்துவிடும் என்று புலம்புவது என் நோக்கமல்ல. சிந்தசைசரின் வரலாறே அதற்கு எதிராக இருக்கிறது. பம்பாய் திரையிசையில் கிதார் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங் 1982இல் ஒரு தொகுப்பை வெளியிட்டார். ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்று பெயர். ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை வாசித்திருந்தார். அவற்றில் ஒன்று டிபி-303. பேஸ் கிதார் வாசிக்க ஆள் கிடைக்காதவர்களுக்குப் பதிலாளாக உருவாக்கப்பட்ட பெட்டி அது. பேஸ் கிதார் மாதிரியே ஒலிக்கவில்லை என்பதால் சந்தையில் தோற்று, 1984இல் உற்பத்தியும் நின்றது. ஆனால் அதில் ஸ்லைடு என்று ஒரு பொத்தான் இருந்தது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் வசதி. அந்த வழுக்கலில் ராகத்தின் நடை கொஞ்சம் கிடைத்தது. சிகாகோ இளைஞர்கள் அதே பெட்டியை வைத்து ‘ஆசிட்’ இசையைப் பதிவு செய்து வெளியிட்டது அதற்கெல்லாம் பின்னால்தான். சரண்ஜித் சிங்கின் தொகுப்பு அன்று பெரிதாக விற்கவில்லை. 2010இல் மறுவெளியீடு கண்டபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

அவர் ஓர் ஏஜெண்டிடம் ‘303இல் ஒரு பேஸ் போடு’ என்று சொல்லியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? பேஸ் கிதாரைப் போன்ற ஒன்று. அந்தப் பெட்டி எதற்காகச் செய்யப்பட்டதோ அதுவே. அவர் கண்டடைந்தது பெட்டியின் விளக்கக் கையேட்டுக்கு வெளியே இருந்தது. கை பொத்தான்களின்மேல் சும்மா அலைந்து, காது ஓரிடத்தில் விழித்துக்கொண்டால்தான் அப்படியொன்று அகப்படும். ஏஜெண்டைப் பயன்படுத்தும்போது கைக்கு அந்த அலைச்சல் இல்லை. நேரம் மிச்சம் என்கிறார்கள், உண்மைதான். ஆனால் காது வளர்ந்ததும் அந்த வீணான நேரத்தில்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கீபோர்டு வகுப்புக்குப் போக வசதியில்லாத பையன், ஆங்கில மெனுக்களைப் பார்த்து மிரண்டுபோன பெண், ஸ்டூடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை கட்ட முடியாத குழு, இவர்களுக்கு இது திறந்த கதவு. சொந்த மொழியில் கேட்டால் தடம் திறக்கிறது. இதை இளக்காரமாகப் பேசும் மூத்த இசைக்காரர்களுக்கு ஒன்றை நினைவூட்டலாம். நம் கல்யாண விருந்துகளில் முழு இசைக்குழு குறைந்து, ஒரே ஆள் தானியங்கித் தாளம் போடும் கீபோர்டோடு வந்து நின்றபோது ஏஜெண்ட் எதுவும் இருக்கவில்லை. பிறகு அந்த ஒருவரும் போய் ‘மைனஸ் ஒன்’ வந்தது. டிரம்ஸ்காரரையும் பேஸ்காரரையும் அனுப்பிவைத்தது நாமேதான்.

சொல்லும் ஓசையும்

என் கவலை வேறிடத்தில் இருக்கிறது. குமிழைத் திருகிச் செய்த வேலை சொல்லைச் சொல்லிச் செய்யும் வேலையாக மாறிக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் எந்த ஓசைக்குச் சொல் இருக்கிறதோ அது வாழும். சொல் இல்லாதது சராசரியில் கரைந்துபோகும். ‘எண்பதுகளின் சிந்த்வேவ்’ என்று ஆங்கிலத்தில் இரண்டே சொல் சொன்னால் ஏஜெண்ட் எல்லாவற்றையும் சரியாக எடுத்து வைக்கிறது. அதைப் பற்றி அவ்வளவு எழுதியிருக்கிறார்கள். கர்நாடக இசைக்கும் ஓரளவு பரவாயில்லை. கமகம், ஜாரு, கார்வை, பிருகா என்று எழுதிவைத்த கலைச்சொற்கள் அதற்கு உண்டு. ஏஜெண்ட் அவற்றைச் சரியாக வாசிக்காவிட்டாலும் என்னவென்று விளக்கவாவது தெரிந்திருக்கிறது. உருமிக்கு என்ன இருக்கிறது?

விபுலாநந்த அடிகளின் ‘யாழ் நூல்’ 1947இல் வந்தது. அவர் காலத்தில் பழைய யாழைக் கேட்டவர் யாரும் உயிரோடு இல்லை. ஓசை அழிந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. மிஞ்சியது சிலப்பதிகாரம் போன்ற நூல்களிலும் உரைகளிலும் கிடந்த சொற்கள் மட்டும். அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டே அவர் யாழின் அமைப்பையும் பண்களையும் கணக்கிட்டு மீட்கப் பார்த்தார். யாழுக்குச் சொல் இருந்தது, ஓசை இல்லை. நம் உருமிக்கு நிலைமை தலைகீழ். ஒவ்வொரு தைப்பூசத்திலும் ஓசை காதைக் கிழிக்கிறது, எழுதிவைத்த சொல்தான் இல்லை. நானறிந்த குழுக்களில் மூத்தவர் அடிப்பதைப் பார்த்து இளையவர் அடிக்கிறார். வாயால் சத்தம் செய்து காட்டினால் போதுமானதாக இருந்தது. எதிரில் மனிதர் இருக்கும்வரை அது குறையே இல்லை.

மலேசியத் தமிழ் இசை பெரும்பாலும் சென்னையின் நிழலில்தான் இருந்திருக்கிறது. அதை மீறி நமக்கென்று ஒரு குரல் கேட்ட தருணங்கள் சில உண்டு. யோகி பி நட்சத்ராவின் ‘வல்லவன்’ (2006) அப்படி ஒன்று. உருமி மேளம் இன்னொன்று. தமிழ்நாட்டிலிருந்து வந்த வாத்தியம்தான், ஆனால் நம் பையன்கள் அதை ஒரு தலைமுறையின் அடையாளமாகவே ஆக்கிவிட்டார்கள். நாளைக்கு அவர்களில் ஒருவர் ஏஜெண்டைத் திறந்து ‘உருமி மாதிரி ஒரு பேஸ்’ என்று கேட்பார். ஏ மைனரில், நான்கு நான்காக வெட்டிய கொட்டாவி ஒன்று கிடைக்கும். கேட்க நன்றாகவும் இருக்கும். அவசரத்தில் அதையே வைத்துக்கொள்வார். பத்துப் பாட்டுக்குப் பிறகு உருமி என்றால் அதுதான் என்று ஆகிவிடும்.

ஆகவே ஏஜெண்டைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. எடுபிடி வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தடம் திறக்கட்டும், பெயர் வைக்கட்டும், ஒரே அடியை முப்பத்திரண்டு முறை படியெடுக்கட்டும். ஒன்று கேட்டு மூன்று தந்தால் இரண்டை அழியுங்கள். அது தன் வேலையைப் பற்றி எழுதும் அணிந்துரையைப் படிக்காதீர்கள், கண்ணை மூடிக்கொண்டு தடத்தைக் கேளுங்கள். இதெல்லாம் தனியாள் செய்யக்கூடியது.

சேர்ந்து செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இருக்கிறது. உருமி அடிக்கும் தம்பிகள் ஒவ்வொரு குழுவிலும் தங்கள் அடிகளுக்கு, தேய்ப்புக்கு, நிறுத்தத்துக்கு வைத்திருக்கும் பெயர்களை யாராவது கேட்டு எழுத வேண்டும். ‘அழுத்திட்டு விடணும்’ என்பதைப் போன்ற வாக்கியங்கள் கிள்ளானிலும் ஈப்போவிலும் சுங்கைப்பட்டாணியிலும் எத்தனை இருக்குமோ. நாட்டுப்புறவியல் துறைக்கோ கருத்தரங்கக் கட்டுரைக்கோ காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கைத்தொலைபேசியும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். எழுதியவர்கள் இந்த இதழுக்கு அனுப்பி வைக்கலாம், வாயால் செய்து காட்டிய சத்தத்தின் பதிவையும் சேர்த்து.